கேமிங் லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க் மாத்தணும், 2 டிபி 7200 ஆர்பிஎம் போடலாமா?

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது 15.6 இன்ச் கேமிங் லேப்டாப், வாங்கி நாலு வருஷம் ஆச்சு. உள்ள 256 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாம சிப்ல சேமிக்கற டிஸ்க்) ஒண்ணு இருக்கு, அதுல விண்டோஸ் மட்டும்தான். கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5400 சுத்து), கேம் பூரா அதுலதான் கெடக்கு. இப்ப அது நிரம்பிடுச்சு. புதுசா ஒரு கேம் போடணும்னா பழசு ஒண்ண அழிக்கணும், அழிச்சத ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப விளையாடலாம்னு தோணும்போது மறுபடியும் 100 ஜிபி டவுன்லோடு, இதே வேலையா போச்சு.

இடம் மட்டும் பிரச்சனைன்னா கூட சமாளிச்சுடுவேன், வேகம்தான் ரொம்ப படுத்துது. ஓப்பன் வேர்ல்டு கேம்ல காரை வேகமா ஓட்டிட்டு போனா ரோடு முதல்ல மங்கலா வருது, பில்டிங் எல்லாம் கிட்ட போனதுக்கு அப்புறம்தான் ஒழுங்கா தெரியுது, நடுநடுவுல ஒரு செகண்டு அப்படியே உறைஞ்சு நின்னுடுது. ஆன்லைன்ல ஃப்ரெண்ட்ஸோட சேந்து விளையாடும்போது அவங்க எல்லாரும் உள்ள போயிடுறாங்க, நான் லோடிங் ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்கேன், நான் போய் சேரும்போது முதல் சண்டையே முடிஞ்சிருக்கு. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா அந்த நேரம் டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது, சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டும் சும்மா இருக்கு. லோடாகி முடிஞ்சதும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம்) எல்லாம் நல்லாவே வருது, அதுல குறை இல்ல.

அதனால அந்த 1 டிபியை கழட்டிட்டு 2 டிபி, 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கா ஒண்ணு போடலாம்னு இருக்கேன். 5400க்கும் 7200க்கும் கேம்ல கண்ணுக்கு தெரியற மாதிரி வித்தியாசம் வருமா? சூடு அதிகமாகுமா? எஸ்எஸ்எச்டின்னு ஹைப்ரிட் டிஸ்க் ஒண்ணு சொல்றாங்களே அது தேவலையா? எஸ்எஸ்டியே வாங்குன்னு சிலர் சொல்றாங்க, ஆனா அதுல கேம் போட்டு போட்டு அழிச்சா சீக்கிரம் ஆயுசு போயிடும்னும் கேள்விப்பட்டேன், அதான் பயமா இருக்கு. நான் இதுவரைக்கும் லேப்டாப்பை திறந்து பாத்ததே இல்ல. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.


பதில் 1

7200 வேணாம் ப்ரோ, தயவுசெஞ்சு அதுல காசு போடாதீங்க. நானும் 5400ல இருந்து 7200க்கு மாறி, ஒரு வருஷம் அதையே வச்சு ஓட்டி, கடைசில எஸ்எஸ்டி போட்டேன். முதல் தடவை மாத்தினப்போ வித்தியாசம் இருக்கா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை மாத்தினப்போ யாரையும் கேக்க வேண்டிய அவசியமே வரல, முதல் கேம் லோடானப்பவே தெரிஞ்சுடுச்சு. ரெண்டு தடவை செலவு பண்ணாம நேரா எஸ்எஸ்டிக்கு போயிடுங்க.


பதில் 2

மேல சொன்னது சரி, ஆனா ஏன்னு புரிஞ்சுகிட்டா உங்களுக்கே தெளிவாயிடும், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஹார்ட் டிஸ்க்குள்ள தட்டு சுத்துது, அது மேல ஒரு ஹெட் அங்கயும் இங்கயும் நகருது. ஒரு ஃபைல் வேணும்னா ஹெட் முதல்ல சரியான தடத்துக்கு போகணும், லேப்டாப் டிஸ்க்ல அதுக்கு சுமார் 12 மில்லிசெகண்டு ஆகும். அப்புறம் வேண்டிய இடம் சுத்தி ஹெட்டுக்கு கீழ வர்ற வரைக்கும் காத்திருக்கணும். 5400ல ஒரு சுத்துக்கு 11.1 மில்லிசெகண்டு, சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும்னு வச்சா 5.6. 7200ல ஒரு சுத்து 8.3, பாதி 4.2. அதாவது நீங்க காசு குடுத்து மிச்சம் பண்றது ஒவ்வொரு தேடலுக்கும் 1.4 மில்லிசெகண்டு. 17.6 ஆக வேண்டிய இடத்துல 16.2 ஆகும், அவ்வளவுதான். எஸ்எஸ்டில சுத்தறதுக்கும் நகர்றதுக்கும் ஒண்ணுமே இல்ல, 0.1 மில்லிசெகண்டு அளவுல வேலை முடிஞ்சுடும்.

கேம் ஒரு பெரிய ஃபைலை வரிசையா படிச்சுட்டு போறதில்லைங்க. நீங்க கார் ஓட்டும்போது இந்த சுவரோட டெக்ஸ்சர் (மேல ஒட்டற படம்), அந்த மரம், இந்த சத்தம்னு துண்டு துண்டா டிஸ்க்ல பல இடத்துல இருந்து கேக்குது. செகண்டுக்கு அறுபது தேடல் செய்யற டிஸ்க்கிட்ட ஆயிரம் துண்டு கேட்டா என்ன ஆகும்? அதான் நீங்க பாக்கற மங்கல் ரோடு, அந்த ஒரு செகண்டு உறையறது எல்லாம். டிஸ்க் 100 சதவீதத்துல இருக்கும்போது பக்கத்துல எத்தனை எம்பி ஓடுதுன்னு பாருங்க, ரெண்டு மூணு எம்பின்னு கூட காட்டும். முழு மூச்சா உழைக்குது, ஆனா எல்லாம் தேடறதுலயே போயிடுது.

இன்னொரு விஷயம், நீங்க தேடற 2 டிபி 7200 ஆர்பிஎம் லேப்டாப் டிஸ்க்கே நடைமுறைல இல்ல. லேப்டாப்புக்குன்னு வந்த 2.5 இன்ச் 7200 எல்லாம் 1 டிபியோட நின்னுடுச்சு. 2 டிபி 7200 வேணும்னா சர்வருக்கு வந்தது உண்டு, அது 15 மில்லிமீட்டர் தடிமன். உங்க லேப்டாப்ல 7 மில்லிமீட்டர்தான் போகும், பழைய மாடலா இருந்தா 9.5. ஆக 2 டிபி ஹார்ட் டிஸ்க்னா கிடைக்கறது 5400தான். அந்த மெல்லிசான 2 டிபி டிஸ்க்குலயும் பெரும்பாலானது எஸ்எம்ஆர் வகை, அதாவது ஓடு வேய்ஞ்ச மாதிரி தடத்து மேல தடத்தை கொஞ்சம் ஏத்தி எழுதுவாங்க, அப்பதான் அதே தட்டுல அதிகம் அடங்கும். படிக்கறப்போ பெருசா தெரியாது, ஆனா ஒரு கேம் அப்டேட் வந்து உள்ள இருக்கறத மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கற தடத்தையும் சேத்து எழுத வேண்டி வரும், அப்ப தவழ ஆரம்பிச்சுடும். உங்க இப்போதைய டிஸ்கை விட அது மெதுவா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

எஸ்எஸ்எச்டி பத்தி கேட்டீங்க. சீகேட் ஃபயர்குடா 2.5 இன்ச்ல 8 ஜிபி ஃப்ளாஷ் வச்சிருந்தாங்க. அடிக்கடி படிக்கறத அதுல எடுத்து வச்சுக்கும். கேம் எல்லாம் 20, 30 ஜிபி இருந்த காலத்துல ஓரளவு உதவுச்சு. இப்ப 100 ஜிபி கேமுக்கு 8 ஜிபி எந்த மூலைக்கு?

ஆயுசு பயமும் வேண்டாம். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600 டிபி எழுதற வரைக்கும் வாரண்டி குடுக்கறாங்க, 2 டிபிக்கு 1200. தினமும் 100 ஜிபி கேம் ஒண்ண இறக்கி அழிச்சுட்டே இருந்தா கூட வருஷத்துக்கு 36.5 டிபிதான் ஆகும், 600ஐ தாண்ட 16 வருஷம் பிடிக்கும். விளையாடும்போது நடக்கறது பெரும்பாலும் படிக்கறதுதான், அது இந்த கணக்குலயே வராது.


பதில் 3

தம்பி, எது வாங்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உள்ள என்ன இடம் இருக்குன்னு பாருங்க. நான் பல வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்றவன், தப்பான டிஸ்கை வாங்கிட்டு வந்து "இது ஏன் மாட்ட மாட்டேங்குது"ன்னு நிக்கறவங்கள வாராவாரம் பாக்கறேன். கஷ்டப்பட்டு சேத்த காசு, பாக்கவே மனசுக்கு சங்கடமா இருக்கும்.

உங்க மாடல் நம்பரை போட்டு சர்வீஸ் மேனுவல்னு தேடுங்க, பெரும்பாலும் பிடிஎஃப் கிடைக்கும். அதுல ஸ்டோரேஜ் பகுதியில எம்.2 ஸ்லாட் (குச்சி மாதிரி இருக்கற சின்ன எஸ்எஸ்டியை மாட்டற இடம்) எத்தனை, 2.5 இன்ச் இடம் இருக்கா, ஒவ்வொண்ணும் என்ன வகைன்னு போட்டிருக்கும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. எம்.2ன்னா அது வெறும் உருவம்தான், அதுக்குள்ள சாட்டாவும் (பழைய, மெதுவான இணைப்பு முறை) ஓடும், என்விஎம்இயும் (புது, வேகமான முறை) ஓடும். சில ஸ்லாட் ரெண்டையும் ஏத்துக்கும், சிலது ஒண்ணை மட்டும்தான் ஏத்துக்கும். பாத்தா ரெண்டு குச்சியும் ஒரே மாதிரி இருக்கும், மாட்டவும் மாட்டும், ஆனா பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்) வரவே வராது. நீளமும் பாக்கணும், 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம், அதுதான் சாதாரணமா வர்றது. சில லேப்டாப்ல ரெண்டாவது ஸ்லாட்டு 2242 இல்ல 2230 சைஸ்ல குட்டியா இருக்கும்.

திறக்கறது பெரிய வித்தை இல்ல, அவசரப்படாம செஞ்சா போதும். முதல்ல முழுசா ஷட்டவுன் பண்ணுங்க, ஸ்லீப்ல போட்டு திறக்காதீங்க. சார்ஜர உருவிடுங்க. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது, முன்னாடி பக்கம் இருக்கறது குட்டையாவும் பின்னாடி இருக்கறது நீளமாவும் வர்றது சகஜம், அதனால ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் மாதிரி வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே ஒட்டி வைங்க. நீள ஸ்க்ரூவ குட்டை இடத்துல போட்டு முறுக்கினா மேல் பக்கம் ப்ளாஸ்டிக் புடைச்சுக்கும், சில சமயம் போர்டுலயே ஓட்டை போட்டுடும். கவரை எடுக்க கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் விடாதீங்க, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ப்ளாஸ்டிக் போதும். கவர் வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை கழட்டறது, வயரை பிடிச்சு இழுக்காம கனெக்டரை பிடிச்சு மெதுவா எடுங்க. கையில இருக்கற ஸ்டாட்டிக் போக ஏதாவது உலோகத்தை தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.

2.5 இன்ச் டிஸ்க் இருக்கற இடத்துல ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் வரும். அது ரொம்ப மெல்லிசு, மடங்கினா போச்சு. அதை மட்டும் பத்திரமா பாத்துக்கங்க.

திறந்து பாத்துட்டு இங்க வந்து சொல்லுங்க, அப்புறம் எது வாங்கலாம்னு பேசலாம்.


கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. லேப்டாப்புக்கு 2 டிபி 7200 இல்லவே இல்லன்னு தெரியாம ரெண்டு வாரமா தேடிட்டு இருந்திருக்கேன்.

அண்ணா சொன்ன மாதிரியே பேப்பர்ல ஸ்க்ரூ ஒட்டி வச்சு திறந்தேன், பதினோரு ஸ்க்ரூ, அதுல நாலு நீளம் வேற. உள்ள எம்.2 ஸ்லாட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுல அந்த 256 ஜிபி உக்காந்திருக்கு, 2280 சைஸ். மேனுவல்ல அந்த ஸ்லாட்டுக்கு பிசிஐஇ ஜென் 3 (டேட்டா போற பாதையோட மூணாவது தலைமுறை), நாலு லேன், என்விஎம்இ மட்டும்னு போட்டிருக்கு. பக்கத்துல 7 மில்லிமீட்டர் 2.5 இன்ச் டிஸ்க், ரிப்பன் கேபிளோட.

இப்ப எனக்கு ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு, 256ஐ எடுத்துட்டு அந்த இடத்துல 2 டிபி என்விஎம்இ, அப்ப விண்டோஸையும் மாத்தணும். இன்னொண்ணு, ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு அங்க 2 டிபி சாட்டா எஸ்எஸ்டி, விண்டோஸை தொட வேண்டாம். எது நல்லது? ஸ்லாட் ஜென் 3ன்னா ஜென் 4 வாங்கினா மாட்டாதா?


பதில் 4

ஜென் 4 தாராளமா மாட்டும் நண்பா, ஜென் 3 வேகத்துல ஓடும், அவ்வளவுதான். ஜென் 3 நாலு லேன்னா செகண்டுக்கு 3500 எம்பி கிட்ட வரும். டபிள்யூடி எஸ்என்850எக்ஸ் மாதிரி 7300 போடற டிஸ்க்கோட முழு வேகமும் உங்ககிட்ட வராது, அதனால அதுக்குன்னு கூடுதலா குடுக்கறது இந்த லேப்டாப்புக்கு வீண். நடுத்தரமான ஒண்ணு போதும். அடுத்த லேப்டாப்புக்கும் கழட்டி போட்டுக்கலாம்னு நினைச்சா மட்டும் ஜென் 4 யோசிங்க.

நான் சொல்ல வந்தது வேற. பாக்ஸ் மேல பெருசா போட்டிருக்கற நம்பரை பாக்காதீங்க, உள்ள இருக்கறது டிஎல்சியா க்யூஎல்சியான்னு பாருங்க. இது நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. போன வருஷம் நல்லா மலிவா இருக்குன்னு ஒரு 2 டிபி வாங்கினேன், பாக்ஸ்ல போட்டிருந்த வேகம் எல்லாம் அருமை. பழைய டிஸ்க்ல இருந்து 600 ஜிபி கேமை அதுக்கு மாத்தினேன், ஆரம்பத்துல பறந்துச்சு, பாதிக்கு மேல போனதும் 90 எம்பிக்கு விழுந்துடுச்சு, கடைசி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுகிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது க்யூஎல்சி. ஒரு செல்லுக்குள்ள நாலு பிட்டை திணிக்கறாங்க, டிஎல்சில மூணு. திணிக்க திணிக்க எழுதற வேகம் குறையும், அதை மறைக்க கொஞ்ச இடத்தை ஒரு பிட் மட்டும் எழுதற மாதிரி வச்சிருப்பாங்க, அதைத்தான் எஸ்எல்சி கேஷ்னு சொல்றது. அது நிரம்பற வரைக்கும் நமக்கு குஷி, நிரம்பினதுக்கு அப்புறம்தான் நிஜமான வேகம் வெளிய வரும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த கேஷும் சுருங்கிட்டே வரும். அதனால எது வாங்கினாலும் 10, 15 சதவீதமாவது காலியா விட்டு வைங்க.

விளையாட மட்டும்னா க்யூஎல்சி மோசம்னு சொல்ல மாட்டேன், படிக்கறது நல்லாதான் இருக்கும். ஆனா விண்டோஸும் கேமும் ஒரே டிஸ்க்ல இருக்கப்போகுதுன்னா டிஎல்சியா பாத்து வாங்குங்க, நாள் பூரா சின்ன சின்னதா எழுதிட்டே இருக்கும்.

அடுத்தது டிராம். சில எஸ்எஸ்டில எந்த டேட்டா எங்க இருக்குங்கற கணக்கை வச்சுக்க தனியா ஒரு மெமரி சிப் இருக்கும். இல்லாததுல லேப்டாப்போட ரேம்ல இருந்து கொஞ்சூண்டு கடன் வாங்கிக்கும், அதுக்கு பேரு எச்எம்பி. என்விஎம்இல அது நல்லாவே வேலை செய்யுது, டபிள்யூடி எஸ்என்770 அப்படித்தான், கேமுக்கு எந்த குறையும் இல்ல. ஆனா சாட்டா எஸ்எஸ்டில அந்த வசதியே கிடையாது, அதனால சாட்டா பக்கம் போனா டிராம் இருக்கறதா மட்டும் வாங்குங்க, 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 மாதிரி. 870ல க்யூவிஓன்னு ஒண்ணு பக்கத்துலயே வச்சிருப்பாங்க, பேரு ஒட்டி இருக்கும், அது க்யூஎல்சி, மாத்தி எடுத்துடாதீங்க.


பதில் 5

எனக்கு இதுல கொஞ்சம் வேற கருத்து. கேமுக்கு மட்டும் பாத்தா சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் லோடிங்ல வித்தியாசம் சில செகண்டுதான், 550 எம்பியும் 3500 எம்பியும் காகிதத்துல ஆறு மடங்குன்னாலும் கேம் அப்படி ஆறு மடங்கு வேகமா லோடாகாது, படிச்சதை விரிச்சு அடுக்கற வேலையை சிபியுதான் செய்யணும், அது அதோட வேகத்துலதான் செய்யும். ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஏதாவது ஒரு எஸ்எஸ்டிக்கு வர்றதுதான் பெரிய தாவல். நீங்க முதல் தடவையா திறக்கறீங்க, விண்டோஸை தொடாம 2.5 இன்ச்சை மட்டும் எடுத்துட்டு சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினா பத்து நிமிஷ வேலை, ரிஸ்க்கே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு வச்சா வீடியோ, ஃபோட்டோவுக்கு ஆச்சு.

ஹார்ட் டிஸ்க் வெளிய போனா இன்னொரு நல்லது, ஃபேனை தவிர சுத்தற பொருள் உள்ள எதுவும் இருக்காது. ஓடிட்டு இருக்கும்போது மடியில இருந்து டேபிளுக்கு சட்டுனு மாத்தி வச்சாலும் பயம் இல்ல, டிஸ்க் சத்தமும் இல்ல.


பதில் 2

பதில் 5 சொன்னதுல தப்பே இல்ல, இன்னிக்கு இருக்கற பெரும்பாலான கேமுக்கு அது பொருந்தும். நான் மட்டும் ஏன் என்விஎம்இ பக்கம் சாய்வேன்னா, போகிற போக்கு அப்படி இருக்கு. ஸ்டார்ஃபீல்டு 125 ஜிபி, பால்டர்ஸ் கேட் 3 150 ஜிபி, ரெண்டுமே எஸ்எஸ்டி கட்டாயம்னே போட்டுதான் 2023ல வந்துச்சு. சைபர்பங்க் 2077ம் அதே வருஷம் ஹார்ட் டிஸ்கை குறைந்தபட்ச தேவையில இருந்து எடுத்துட்டாங்க. டிஸ்க்ல இருந்து கேம் டேட்டாவை வேகமா எடுக்க டைரக்ட்ஸ்டோரேஜ்னு மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்திருக்கறதும் முழு பலன் தர்றது என்விஎம்இலதான்.

அதோட இந்த கேள்வி கேட்டவருக்கு இருக்கறது 256 ஜிபி விண்டோஸ் டிஸ்க். அதுவும் சீக்கிரம் நிரம்பும், இன்னும் ஒரு வருஷத்துல அதை மாத்தணும்னு திரும்ப திறக்க வேண்டி வரும். இருக்கற ஒரே வேகமான ஸ்லாட்டை 256க்கு குடுத்து வச்சிருக்கறது எனக்கு வீணா தெரியுது. 2 டிபி என்விஎம்இயை அங்க போட்டு, ஹார்ட் டிஸ்கை அப்படியே விட்டு ரெக்கார்டிங், பழைய சின்ன கேம் எல்லாம் அதுல வச்சா மொத்தம் 3 டிபி ஆச்சு. பின்னாடி தேவைப்பட்டா அதையும் எஸ்எஸ்டியா மாத்திக்கலாம்.


பதில் 3

என்விஎம்இதான்னா ஒண்ணு கவனிங்க தம்பி, சிப் ஒரு பக்கம் மட்டும் இருக்கற டிஸ்கா வாங்குங்க. சில மாடல் 1 டிபில ஒரு பக்கமும் 2 டிபில ரெண்டு பக்கமும் சிப் வச்சிருக்கும், கிங்ஸ்டன் கேசி3000 அப்படி. லேப்டாப் ஸ்லாட்டுக்கு கீழ இடம் ரொம்ப கம்மி, ரெண்டு பக்க டிஸ்க் சில போர்டுல முட்டும், முட்டலைன்னாலும் அடிப்பக்கம் சூடு போக வழி இருக்காது. பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளிய தள்ளற உலோகம்) ஒட்டி வர்ற மாடலும் வேண்டாம், அது டெஸ்க்டாப்புக்கு, உங்க கவர் மூடாது. இப்ப 256 மேல ஒரு மெல்லிய தகடும் சூட்டை கடத்தற தெர்மல் பேடும் இருந்தா அதை தூக்கி போடாம புதுசுக்கு திரும்ப போடுங்க. கேமிங் லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு சூடு எல்லாம் அந்த பக்கம்தான் வரும், டிஸ்க் ரொம்ப சூடாச்சுன்னா தன்னைத்தானே காப்பாத்திக்க வேகத்தை குறைச்சுக்கும்.


பதில் 6

மாட்டறதை விட விண்டோஸை மாத்தறதுல தான் பலர் மாட்டிக்கறாங்க, அதை பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு க்ளோன். என்விஎம்இக்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி புது டிஸ்கை அதுல போட்டு, பழசுல இருக்கறத அப்படியே அதுக்கு காப்பி பண்ணி, அப்புறம் இடம் மாத்தி மாட்டறது. அந்த கேஸ் வீணாகாது, பழைய 256 அதுல போய் உக்காந்து நல்ல வேகமான பென்ட்ரைவ் மாதிரி ஆயிடும். க்ளோனுக்கு க்ளோன்ஸில்லா இலவசம், டிஸ்க் கம்பெனிங்க சிலர் அவங்களே சாஃப்ட்வேர் குடுக்கறாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ஓடுதான்னு கட்டாயம் பாருங்க. நிறைய லேப்டாப்ல நாம கேக்காமலே டிவைஸ் என்க்ரிப்ஷன்னு ஆன் ஆகி இருக்கும். நான் அதை பாக்காம க்ளோன் பண்ணி மாட்டிட்டு ஆன் பண்ணினேன், நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெகவரி கீ கேட்டுச்சு. என்கிட்ட இல்ல, எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுல சேவ் ஆச்சுன்னும் ஞாபகம் இல்ல. நல்லவேளை பழைய டிஸ்க் அப்படியே இருந்ததால அதை திரும்ப மாட்டி உள்ள போக முடிஞ்சுது. என்னோட ரெண்டு வருஷ ப்ராஜெக்ட் பூரா அதுல இருந்துச்சு, அந்த ஒரு மணி நேரம் கை நடுங்கினது இன்னும் மறக்கல. அதனால முதல்ல கீயை எடுத்து எழுதி வைங்க, அப்புறம் என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி முழுசா முடியற வரைக்கும் விடுங்க, அதுக்கு அப்புறம் க்ளோன் பண்ணுங்க. புது டிஸ்க் ஒரு வாரம் ஒழுங்கா ஓடற வரைக்கும் பழசை அழிக்காதீங்க. க்ளோன் முடிஞ்சதும் சி டிரைவ் இன்னும் பழைய அளவையே காட்டும், மிச்சத்தை சேக்க போனா நடுவுல ரெகவரி பார்ட்டிஷன் குறுக்க நிக்கும், ஜிபார்ட்டட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல அதை கடைசிக்கு நகத்திட்டு சேத்துக்கலாம்.

இன்னொரு வழி புதுசா விண்டோஸ் போடறது, நான் இப்ப எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன். 8 ஜிபி பென்ட்ரைவ் போதும், மீடியா கிரியேஷன் டூல்ல செஞ்சுக்கலாம். டிஸ்க் மாத்தினா லைசன்ஸ் போயிடுமோன்னு கவலைப்படாதீங்க, லேப்டாப்போட வந்த விண்டோஸ்னா அது மதர்போர்டோட சேந்தது, நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆயிடும். இன்டெல் 11வது தலைமுறையும் அதுக்கு மேலயும் இருக்கற சில லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கே காட்டாது, பதறாதீங்க, டிஸ்க் நல்லாதான் இருக்கும். விஎம்டின்னு ஒரு செட்டிங் இருக்கறதால அப்படி, லேப்டாப் கம்பெனி சைட்ல இன்டெலோட ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து அதே பென்ட்ரைவ்ல போட்டு லோடு டிரைவர் குடுத்தா தெரிஞ்சுடும்.

கேமை திரும்ப டவுன்லோடு பண்ண வேண்டாம். ஹார்ட் டிஸ்க் அப்படியே உள்ள இருக்கப்போகுதுல்ல, ஸ்டீம் போட்டதும் ஸ்டோரேஜ் செட்டிங்ல அந்த பழைய ஃபோல்டரை சேத்தா எல்லாம் தானா வந்துடும், அப்புறம் அங்கயே மூவ் குடுத்து வேண்டியதை மட்டும் புதுசுக்கு நகத்துங்க. சேவ் ஃபைல் மட்டும் பல கேமுக்கு டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா ஃபோல்டர்ல இருக்கும், க்ளவுட்ல இல்லாததா இருந்தா முன்னாடியே காப்பி எடுத்துடுங்க.


கேள்வி கேட்டவர்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, செமஸ்டர் நடுவுல வந்துடுச்சு.

2 டிபி என்விஎம்இ, டிஎல்சி, ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கற மாடலா பாத்து வாங்கினேன். முதல்ல பிட்லாக்கர் பாத்தேன், பதில் 6ல சொன்ன மாதிரியே நான் கேக்காமலே ஆன்ல இருந்துச்சு! அதை படிக்காம போயிருந்தா என் கதையும் அதேதான். கீயை எழுதி வச்சுகிட்டு, சேவ் ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துட்டு, க்ளோன் பண்ணாம புதுசாவே விண்டோஸ் போட்டேன். இன்ஸ்டால்ல டிஸ்க் காட்டல, ஆர்எஸ்டி டிரைவர் குடுத்ததும் வந்துடுச்சு. பழைய தகடும் பேடும் திரும்ப போட்டாச்சு. 2 டிபின்னு வாங்கினது விண்டோஸ்ல 1.81 டிபின்னு காட்டுது, முதல்ல பயந்துட்டேன், அப்புறம் பாத்தா கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 கணக்குல எண்ணுது, அவ்வளவுதான்.

ஃபோன்ல டைமர் வச்சு முன்னாடியும் பின்னாடியும் எடுத்தேன். அந்த ஓப்பன் வேர்ல்டு கேம் மெனுல இருந்து உள்ள போக முன்னாடி 1 நிமிஷம் 52 செகண்டு, இப்ப 24 செகண்டு. கார் ஓட்டும்போது உறையறது போயே போச்சு, ரோடு முதல்ல இருந்தே தெளிவா இருக்கு. எஃப்பிஎஸ் முன்னாடி எவ்வளவோ அதேதான், அதை நான் எதிர்பாக்கவும் இல்ல. விளையாடி முடிச்சதும் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல டிஸ்க் சூடு பாத்தா 61 டிகிரி காட்டுது, இது பரவாயில்லையா?

நேத்து ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட விளையாடும்போது முதல் ஆளா உள்ள போயிட்டு அவங்களுக்காக காத்திருந்தேன்.


பதில் 3

61 நல்ல அளவுதான் தம்பி, 70க்கு கீழ இருக்கற வரைக்கும் கவலையே வேண்டாம். வெயில் காலத்துல ஒருதடவை திரும்ப பாருங்க, ஏறுச்சுன்னா முதல்ல ஃபேன்ல தூசி அடைச்சிருக்கான்னு பாத்து க்ளீன் பண்ணுங்க. இப்பதான் திறக்கத் தெரிஞ்சுகிட்டீங்களே, அந்த ஸ்க்ரூ பேப்பரை தூக்கி போட்டுடாதீங்க.